புயல் நாட்களுக்கு வீட்டில் தண்ணீர்: எவ்வளவு, எதில், எத்தனை நாள்?

வடசென்னை கொருக்குப்பேட்டையில் இரண்டாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் ஐந்து பேர்: அவர், மனைவி, ஏழு வயதுப் பெண், எட்டு மாதக் கைக்குழந்தை, அம்மா. "மழைக்காலத்துக்கு முன்னால் அவசரத்துக்கென்று எவ்வளவு தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும்? எதில் வைப்பது, எத்தனை நாள் கெடாது? கீழே தரைக்கடியில் ஆறாயிரம் லிட்டர் சம்புத் தொட்டி இருக்கும்போது இதெல்லாம் தேவைதானா? அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளை அண்டாவில்தான் வைக்க வேண்டும் என்கிறார், அது சரியா?"

அண்டாவைக் கடைசியில் பார்ப்போம். சம்பிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதை நம்பி நானும் ஏமாந்திருக்கிறேன்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். தண்டையார்பேட்டையில் அப்போது நாங்கள் இருந்த வீட்டில் சம்பு முந்தைய நாளே நிரம்பிவிட்டது. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வருடக்கணக்காக வேலை பார்த்தவன் என்பதால், எனக்குத் தெரியாததா என்ற மிதப்பு வேறு. காற்று ஏறியதும் கரண்ட் போனது. மாடித் தொட்டியின் மூடி பறந்து எந்தத் தெருவில் விழுந்ததோ தெரியாது. நான்கு குடித்தனமும் வழக்கம்போலப் புழங்கியதில் மறுநாள் மத்தியானத்துக்குள் மாடித் தொட்டி காலி. சம்பு நிறைய தண்ணீர் கிடக்கிறது, மேலே ஏற்ற மோட்டார் ஓடாது. வாளியில் கயிறு கட்டி இறைத்து, குடத்தில் ஊற்றி, மூன்று நாள் படியேறினோம். தெருமுனை அடிபம்பை நம்பியிருந்தவர்கள் எங்களைவிட நிம்மதியாக இருந்தார்கள்.

ஆகவே சம்பு இருக்கிறது என்பதால் தண்ணீர் இருக்கிறது என்று ஆகிவிடாது. வடசென்னையில் தண்ணீர் பிடித்து வைக்கத் தெரியாத வீடே கிடையாது. பச்சை, சிவப்பு, நீலக் குடங்கள் வாசலில் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: மோட்டார் ஓடாமல், சம்புக்குள் சாக்கடை நுழைந்த நாளில், இரண்டாவது மாடியில் கைக்கு எட்டுகிற தண்ணீர் எது? அதில் வாயில் வைக்கக்கூடியது எவ்வளவு?

நம் பக்கம் தண்ணீர்க் கஷ்டம் மூன்று விதமாக வரும். ஒன்று வறட்சி. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது ஞாபகம் இருக்கும். ஜூலை 12 அன்று முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தபோது அதில் சுமார் 25 லட்சம் லிட்டர். அந்தக் கஷ்டம் மாதக்கணக்கில் நீளும். டிரம்மில் சேர்த்து அதைத் தாண்ட முடியாது, லாரியும் குடமும்தான் கதி. இரண்டாவது, பராமரிப்பு நிறுத்தம். காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும்படி கட்டப்பட்டது. வடசென்னைக்கு அதன் தண்ணீர் பெரிய பலமாக இருந்திருக்கிறது. அங்கேயோ, பெரிய குழாயிலோ வேலை நடந்தால் ஓரிரு நாள் குழாய் வறண்டிருக்கும். முன்னாடியே அறிவித்துவிடுவார்கள், சமாளித்துவிடலாம். மூன்றாவதுதான் சோதனை: புயலும் வெள்ளமும். 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வியாசர்பாடி, புளியந்தோப்பு, பட்டாளம் பக்கமெல்லாம் தெருவில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. கரண்ட் இல்லை, கேன் போடுகிற பையன் வர முடியாது, கடை திறந்திருக்காது. இந்த மூன்றாவதற்குத்தான் நாம் கணக்குப் போட வேண்டும். ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குடிக்க ஆளுக்கு மூன்று லிட்டர். கைக்குழந்தை அவ்வளவு குடிக்காது, ஆனால் பால் கரைக்க, பாட்டில் கழுவ என்று அதன் பங்கு எப்படியும் போய்விடும். ஐந்து பேருக்கு 15 லிட்டர். சோறு, குழம்பு, காய் கழுவ இன்னொரு 5. மொத்தம் 20 லிட்டர், அதாவது நாளுக்கு ஒரு கேன். ஐந்து நாளைக்கு ஐந்து கேன். இதுதான் தொடக்கூடாத கையிருப்பு.

மற்ற புழக்கத்துக்கு: பேரிடர் முகாம்களில் ஓர் ஆளுக்கு எல்லாத் தேவையும் சேர்த்து நாளுக்கு 15 லிட்டர் என்பது உலக அளவில் வைத்திருக்கும் குறைந்தபட்சக் கணக்கு. உங்கள் வீட்டுக்கு 75 லிட்டர். கேனில் இருக்கும் 20 போனால் மிச்சம் 55. ஐந்து நாளைக்கு 275. ஒரு 200 லிட்டர் டிரம், கூடவே 15 லிட்டர் குடம் ஐந்து. அவ்வளவுதான் தேவை. ஆயிரம் லிட்டர் தொட்டியை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

55 லிட்டரில் ஐந்து பேர் நாளைத் தள்ள முடியுமா என்று உங்கள் மனைவி கேட்பார். முடியும், கக்கூஸ் தண்ணீரைப் பிடித்து நிறுத்தினால். பழைய ஃப்ளஷ் டாங்க் ஒரு தடவைக்கு 10 லிட்டரை விழுங்கும். புயல் அன்று அதன் வால்வை மூடிவிட்டு வாளியும் சொம்புமாகப் போங்கள். அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் அலசிய தண்ணீர், குழந்தையைக் குளிப்பாட்டிய தண்ணீர் எல்லாம் ஒரு தனி வாளியில் சேரட்டும், அது கக்கூஸுக்கு. தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு வேறு தலைவலி உண்டு: தெருச் சாக்கடை நிரம்பினால் அது கக்கூஸ் வழியாகவே உள்ளே எதிர்த்து வரும். மணலை ஒரு கோணியில் கட்டி அதன் மேல் வைத்து அழுத்திவிட வேண்டியதுதான்.

எடையையும் யோசியுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. நிறைந்த டிரம் 200 கிலோவுக்கு மேல். பரண் பக்கமே போகாதீர்கள். பழைய வீட்டின் பால்கனியிலும் வேண்டாம். குளியலறையில் சுவரோரமாக, முதலில் டிரம்மை நிறுத்தி, அப்புறம் நிரப்புங்கள். நிரப்பிய பிறகு அசைக்க முடியாது.

டிரம் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பழைய சாமான் கடைகளில் நல்ல கெட்டியான நீல டிரம் சல்லிசாகக் கிடைக்கும். அதற்குள் முன்னால் என்ன இருந்தது என்று விற்கிறவருக்கே தெரியாது. ஆசிட்டா, பெயின்ட்டா, பூச்சிமருந்தா? பிளாஸ்டிக் அந்தச் சரக்கைக் கொஞ்சம் உறிஞ்சி வைத்திருக்கும். எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் முழுசாகப் போகாது. சமையல் எண்ணெய் டின், பால் கேன் கூட வேண்டாம், அவற்றின் பிசுக்கில் கிருமி வளரும். புதிதாக, உணவுக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட, இறுக்கமான மூடி உள்ளதை வாங்குங்கள். அடியில் குழாய் வைத்ததாக இருந்தால் இன்னும் நல்லது. பரிசோதனைக் கூடத்தில் நான் பார்த்தவரை, வீட்டுத் தண்ணீர் கெடுவது பெரும்பாலும் மொண்டு எடுக்கும் சொம்பாலும் அதைப் பிடித்த கையாலும்தான். வரும்போது சுத்தமாக வந்த தண்ணீர், குடத்தில் நாலு கை விழுந்ததும் வேறு தண்ணீர் ஆகிவிடும். குடிக்கிற தண்ணீரில் சொம்பு விடவே கூடாது. சாய்த்து ஊற்றுங்கள், அல்லது குழாய் வைத்த பாத்திரத்தில் வையுங்கள்.

இனி எத்தனை நாள் கெடாது என்பது. இதில் பலரும் தலைகீழாக நினைக்கிறார்கள். ஆர்.ஓ. தண்ணீர்தான் சுத்தம், அதையே பிடித்து வைக்கலாம் என்பது பொதுவான எண்ணம். ஆர்.ஓ. மெஷின் உப்பை எடுக்கும்போது தண்ணீரில் இருக்கும் குளோரினையும் எடுத்துவிடுகிறது. காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்ட மாதிரி. பிடித்த அன்று அது சுத்தம்தான். ஆனால் வெளியிலிருந்து ஒரு கிருமி விழுந்தால் தடுக்க உள்ளே எதுவும் கிடையாது. மெட்ரோ தண்ணீரில், அதாவது குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீரில், வருகிற அந்த 'மருந்து வாடை'யை எல்லோரும் திட்டுகிறார்கள். எனக்கு அந்த வாடை இல்லாவிட்டால்தான் கவலை. சேமிக்க மெட்ரோ தண்ணீரே மேல். வாடை பிடிக்கவில்லை என்றால், குடிக்கப் போகும் அன்று மண்பானையில் ஊற்றி வைத்தால் சில மணி நேரத்தில் போய்விடும்.

ஆர்.ஓ. மெஷினைப் பற்றி இன்னொன்று: கரண்ட் இல்லாத நாளில் அது சுவரில் மாட்டிய ஒரு பெட்டி, அவ்வளவுதான்.

சுத்தமான, மூடிய பாத்திரத்தில் குளோரின் உள்ள தண்ணீரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்று வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்லும். நம் வெயிலில் குளோரின் அவ்வளவு நாள் நிற்காது. நான் மாதம் ஒருமுறை மாற்றச் சொல்வேன். அதைவிடச் சுலபமான வழி, மாற்ற வேண்டிய தேவையே வராமல் செய்துவிடுவது. எப்படியும் நீங்கள் கேன் தண்ணீர் வாங்குகிறீர்கள், சீல் உடையாதவரை அதில் வெளிக் கிருமி விழ வழியில்லை. இரண்டு கேன் புழக்கத்தில் இருக்கிறது என்றால் இன்னும் ஐந்து கேனுக்கு டெபாசிட் கட்டி வாங்கி, வரிசையாக வையுங்கள். வந்த தேதியைச் சாக்பீஸால் எழுதுங்கள். எடுப்பது இடது கோடி, புதிதாக வைப்பது வலது கோடி. கையிருப்பு தானாகச் சுழலும், ஒரு சொட்டு வீணாகாது. வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அதன் மேல் ஐ.எஸ். 14543 என்ற எண்ணும், தேதியும், உடையாத சீலும் இருக்கிறதா பாருங்கள். வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் பாசி பிடிக்கும். சிலர் வண்டிக்கு பெட்ரோல் வாங்கி வீட்டில் வைத்திருப்பார்கள். அதன் பக்கத்தில் வைத்தால் ஆவி பிளாஸ்டிக்கைத் தாண்டி உள்ளே போகும். கேனைத் திறந்த பிறகு இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள்.

டிரம் தண்ணீரையும் அப்படியே புழங்குங்கள். குளிக்க அதிலிருந்து எடுங்கள், மெட்ரோ தண்ணீர் வருகிற அன்று மறுபடி நிரப்புங்கள். ஆனால் வாரத்தில் ஒரு நாள் அடி வரை காலி செய்து, உள்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். கொசு விஷயத்தில் இதை விட்டுக்கொடுக்கவே முடியாது. டெங்கு கொசு சாக்கடையில் முட்டையிடாது. நாம் பத்திரமாகப் பிடித்து வைத்த தெளிந்த தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். முட்டை கொசுவாகப் பறக்க எட்டுப் பத்து நாள் போதும், அதனால்தான் வாரம் ஒருமுறை என்பது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு காத்திருந்து, அடுத்த தடவை நிரப்பும்போது பொரியும். நார் போட்டுத் தேய்ப்பது அதற்காக. மூடியில் இடுக்கு இருந்தால் வேட்டித் துணியை இறுக்கக் கட்டி, அதன் மேல் மூடியைப் போடுங்கள். கொசுப்புழு பார்க்க மாநகராட்சியிலிருந்து வருகிறவர்களை வாசலோடு அனுப்பாமல் உள்ளே விட்டு டிரம்மைக் காட்டுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்த பிறகு செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வானிலை ஆய்வு மையம் ரெட் அலர்ட் கொடுத்துவிட்டால், உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய சேமிப்பு மாடித் தொட்டிதான். அது தானாகக் கீழே இறங்கும், கரண்ட் வேண்டாம். முந்தைய ராத்திரியே மோட்டார் போட்டு நிரப்பிவிட்டு, மூடியைக் கயிறு போட்டுக் கட்டுங்கள். எங்கள் வீட்டு மூடி பறந்த கதையைச் சொன்னேனே! அப்புறம் கஷ்டமான வேலை: மற்ற குடித்தனக்காரர்களிடம் பேசி, காலையில் அரை மணி, மாலையில் அரை மணி மட்டும் வால்வைத் திறப்பது என்று முடிவு செய்யுங்கள். அக்கம்பக்கத்தில் மனஸ்தாபம் வரும், பரவாயில்லை. கீசர் இருந்தால் அதற்குள் 15 லிட்டராவது நிற்கும், புழக்கத்துக்கு ஆகும். சுவிட்சை அணைத்துவிட்டு எடுங்கள். ஃப்ரிட்ஜ் உறைபெட்டியில் தண்ணீர் பாட்டில்களை முக்கால் நிரப்பி வைத்தால், கரண்ட் போன பிறகு ஒரு நாள் பாலைக் காப்பாற்றும், உருகியதும் குடிக்கலாம். மழை கொட்டும்போது மொட்டைமாடியில் வேட்டியை நாலு மூலையில் கட்டி, நடுவில் கல் போட்டு, கீழே குடம் வைக்கிற பழைய வழக்கமும் கெட்டதில்லை. காற்று அடங்கிய பிறகு மட்டும் மாடிக்குப் போங்கள். அந்தத் தண்ணீர் கழுவ, துடைக்க. குடிக்க வேண்டுமென்றால் காய்ச்ச வேண்டும்.

கையிருப்பு தீர்ந்து, சந்தேகமான தண்ணீரைக் குடித்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், நல்ல வழி காய்ச்சுவது. தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதித்தால் போதும். பத்து நிமிடம் கேஸை எரிக்க வேண்டாம். கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவைத்து வடிகட்டுங்கள். தேற்றாங்கொட்டையைப் பானைச் சுவரில் உரசுவார்களே, அது கலங்கலை அடியில் படியவைக்கும், கிருமியைக் கொல்லாது. கேஸும் இல்லையென்றால் குளோரின் மாத்திரை. மருந்துக்கடையில் கிடைக்கும், மழைக்காலத்தில் மாநகராட்சியும் கொடுக்கும். மாத்திரைக்கு மாத்திரை வீரியம் மாறும் என்பதால் அட்டையில் எத்தனை லிட்டருக்கு என்று போட்டிருப்பதைப் பார்த்துப் போட்டு, அரை மணி நேரம் விட்டு, அப்புறம் குடியுங்கள். லேசாகக் குளோரின் வாடை வந்தால் வேலை நடந்திருக்கிறது. குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் மாத்திரையை வையுங்கள். தரை துடைக்கும் பிளீச்சிங் திரவத்தில் வாசனையும் சோப்பும் கலந்திருக்கும், அதைக் குடிதண்ணீரில் ஊற்றக் கூடாது.

காய்ச்சியும் மாத்திரை போட்டும் சரிசெய்ய முடியாத தண்ணீர் நம் பக்கம் உண்டு. 2013-இல் தண்டையார்பேட்டையில் நிலத்தடியில் போகும் எண்ணெய்க் குழாய் கசிந்து போர்வெல் தண்ணீரில் எண்ணெய் கலந்து வந்தது. மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்து எண்ணெய் வீடுகளுக்குள்ளேயே புகுந்தது. உப்பும் எண்ணெயும் ரசாயனமும் கொதிக்கவைத்தால் போகாது. உப்பு இன்னும் கூடும். தண்ணீர் மேல் வானவில் மாதிரி படலம் மிதந்தாலோ, மண்ணெண்ணெய் வாடை அடித்தாலோ, அதில் வாயைக்கூடக் கொப்பளிக்காதீர்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு சம்பு. தெருத் தண்ணீர் சம்பு மூடியைத் தாண்டியிருந்தால் உள்ளே சாக்கடை போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், தெளிவாகத் தெரிந்தாலும்தான். மோட்டாரை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் போடாதீர்கள். மூடியைத் திறந்த உடனே யாரும் உள்ளே இறங்கக் கூடாது, நச்சுக் காற்றில் மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் போன கதைகள் நிறைய. இறைத்துக் காலி செய்து, சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்த பிறகு மறுபடி நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கில் கரைத்து ஊற்றி, ஒரு ராத்திரி விட்டு, அந்தத் தண்ணீரை வெளியேற்றுங்கள். அது கழுவுகிற தண்ணீர், குடிக்க இல்லை. அடுத்து நிரப்பும் நல்ல தண்ணீருக்கு ஆயிரம் லிட்டருக்கு 5 கிராம் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படிந்த பிறகு மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள். இந்தக் கணக்கு நல்ல பவுடருக்கு, அதாவது மூன்றில் ஒரு பங்கு குளோரின் உள்ளதற்கு. போன வருடம் வாங்கி, கடல்காற்றில் திறந்து கிடந்து கட்டிதட்டிய பொட்டலத்தில் வாடை மட்டும்தான் மிச்சம். பிளீச்சிங் பவுடரோடு கக்கூஸ் கழுவும் ஆசிட் ஒருபோதும் சேரக் கூடாது, விஷவாயு கிளம்பும். ஆனால் சம்பை நீங்கள் மட்டும் சுத்தம் செய்து பயனில்லை, குழாயிலேயே கலங்கலோ நாற்றமோ வந்தால் மெட்ரோ வாட்டருக்கு 1916-இல் சொல்லுங்கள்.

கைக்குழந்தைக்கு மட்டும் தனிச் சட்டம். கேன் தண்ணீரோ எதுவோ, புயல் நாட்களில் பால் கரைக்கும் தண்ணீரை அன்றன்று கொதிக்கவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். ஆறவைத்த தண்ணீரை மறுநாளைக்கு வைக்காதீர்கள். குழந்தை பாட்டில் கழுவவும் அதே தண்ணீர்தான், டிரம் தண்ணீர் கிடையாது.

சரி, அம்மாவின் அண்டா. அவர் சொல்வதில் பாதி சரி. செம்பிலும் பித்தளையிலும் ராத்திரி முழுக்க வைத்த தண்ணீரில் கிருமி குறைகிறது என்பது சோதனைகளிலேயே தெரிந்த விஷயம். ஆனால் அது ஒரு ராத்திரிக் கணக்கு. மாதக்கணக்கில் நிரப்பி வைத்தால் உலோகம் தண்ணீரில் இறங்கும், களிம்பு ஏறும். பழைய பித்தளையில் கொஞ்சம் காரீயமும் இருக்கலாம். வெள்ளீயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்று அம்மாவே உங்களுக்குச் சொல்லித் தருவார், உலோகம் இறங்குவதுதான் காரணம். அதனால் அண்டாவை இப்போதே நிரப்ப வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்த அன்று சாயங்காலம் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, மெட்ரோ தண்ணீரால் நிரப்பி, துணி கட்டி மூடிவிடுங்கள். முகம் கழுவ, குழந்தையைக் குளிப்பாட்ட, பாத்திரம் அலச முதல் இரண்டு நாளைக்கு அது போதும். ஐந்து குடம் வைக்கச் சொன்னேன் அல்லவா, அண்டா பெரியதாக இருந்தால் அதில் மூன்று குடத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.